அகூஸ்டிக் கிட்டாரின் தந்திகளை மின்காந்தச் சுருளால் அதிர வைப்பது: கட்டமைப்பு, கட்டக்கோணம், கீச்சொலி

ஆறுதந்தி

உலோகத் தந்தி கட்டிய அகூஸ்டிக் கிட்டார் ஒன்று கைவசம் இருக்கிறது. அதன் ஒலித்துளையில் மின்காந்தச் சுருள் ஒன்றைப் பொருத்தித் தந்திகளைத் தொடாமலே அதிர வைக்க விரும்புகிறேன். மீட்டிய சுரம் தேயக் கூடாது. விரலை எடுக்கும் வரை, வில் போட்டு இழுத்ததுபோல நிற்க வேண்டும். ஒலி மரத்திலிருந்தே வர வேண்டும், ஸ்பீக்கர் வேண்டாம். அதே கிட்டாரில் சேடிலுக்கு (பிரிட்ஜில் தந்திகள் அமரும் பட்டைக்கு) அடியில் அழுத்தத்தை மின்சமிக்ஞையாக்கும் பியெசோ உணரி இருப்பதால் தேவைப்படும்போது ஆம்ப்ளிஃபையரிலும் சொருகிக்கொள்ளலாம்.

தந்தியைக் காந்தத்தால் அதிர வைக்கும், கையில் பிடிக்கும் ஈபோ (EBow) வைத்திருக்கிறேன். அருமையான கருவிதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு தந்தியைத்தான் ஓட்டும், வலது கையையும் கட்டிப்போட்டுவிடும். எனக்கு ஆறு தந்தியும் வேண்டும், இரண்டு கையும் வேண்டும்.

மூன்று கேள்விகள். வெண்கலம் சுற்றிய தந்திகளைக் காந்தம் இழுக்குமா? சுருளை எங்கே வைப்பது? சுருளுக்கும் பிக்அப்புக்கும் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் உணரிக்கும்) இடையில் வரும் கீச்சொலியை எப்படி அடக்குவது?

சுருளர்

முதல் கேள்விக்கு: இழுக்கும், ஆனால் அரை மனதோடு. பாஸ்பர் வெண்கலத் தந்தியில் உள்ளே ஓடும் மெல்லிய எஃகுக் கம்பியை மட்டும்தான் காந்தம் பார்க்கிறது. மேலே சுற்றிய வெண்கலம் அதற்கு இல்லாத பொருள். மேல்சுருதியில் உள்ள மெல்லிய இரண்டு தந்திகளும் முழு எஃகு என்பதால் அவற்றில் சிக்கலில்லை. நிக்கல் பூசிய எஃகு சுற்றிய எலெக்ட்ரிக் கிட்டார் தந்திகளைப் போட்டால் கீழ்த்தந்திகளில் பிடிப்பு வெகுவாகக் கூடும். மரத்திலிருந்து வரும் பளபளப்பு கொஞ்சம் மங்கும். எதை விட்டுக்கொடுப்பது என்பது உங்கள் காதின் முடிவு. நைலான் தந்தியைப் பற்றிப் பேச்சே இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரும்புத் துண்டில் கம்பி சுற்றி ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் மட்டும் போதாது. அடியில் நிலைக்காந்தம் கட்டாயம் வேண்டும். தந்தியின் மீதான இழுவிசை காந்தப்புலத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. நிலைக்காந்தம் இல்லாவிட்டால், சுருளில் மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடினாலும் தந்தி இழுக்கத்தான் படும். அதாவது ஒரு சுழற்சிக்கு இரண்டு இழுப்பு. 110 ஹெர்ட்ஸ் கொடுத்தால் விசை 220 ஹெர்ட்ஸில் வரும். நிலைக்காந்தம் இருந்தால் அதன் பெரிய புலத்தின் மேல் சுருளின் சிறிய புலம் ஏறி இறங்கும். விசையும் அதே அதிர்வெண்ணில் கூடிக் குறையும்.

மரக்கணு

சுற்றுகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, கிட்டார் செய்கிறவன். மரத்தின் தரப்பில் இரண்டு வார்த்தை.

சுருளை மேற்பலகையில் ஒட்டாதீர்கள். தந்தியைச் சுருள் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்குத் தந்தியும் சுருளை இழுக்கும். அந்த எதிர்விசை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள பலகையில் போய்ச் சேர்ந்தால் தந்தியோடு சேர்ந்து பலகையும் ஆடும், இடைவெளி மாறும், நீங்கள் சரிசெய்து வைத்த கணக்கு எதுவும் நிற்காது. காந்தத்தின் எடை வேறு பலகையை ஊமையாக்கும். கழுத்துக் கட்டையிலிருந்து (பெட்டிக்குள் கழுத்து பொருந்தும் கட்டையிலிருந்து) ஒலித்துளைக்குள் நீட்டிக்கொண்டு வரும் ஒரு கையைச் செய்யுங்கள். கடின மரமோ அலுமினியமோ போதும். பலகையை எங்கும் தொடக் கூடாது.

இரண்டாவது, இந்தக் கருவி எலெக்ட்ரிக் கிட்டார் அல்ல. கெட்டிக் கட்டையில் தந்தி தன் ஆற்றலை நெடுநேரம் வைத்துக்கொள்ளும். அகூஸ்டிக்கில் பிரிட்ஜ் வழியாக அதைப் பலகை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒலி நம் காதுக்குக் கேட்கிறது. ஆகவே எலெக்ட்ரிக்கில் போதுமான திறன் இதற்குப் போதாது.

சும்மா_ஒருவன்

இவ்வளவு சிரமம் எதற்கு? பலகையின் பின்னால் ஒரு அதிர்வுக் கருவியை ஒட்டினால் முடிந்தது. யமஹாவின் டிரான்ஸ்அகூஸ்டிக் கிட்டாரும் டோன்உட்ஆம்ப் என்ற துணைக்கருவியும் அதைத்தானே செய்கின்றன?

ஆறுதந்தி

அவை செய்வது வேறு. மீட்டிய ஒலிக்கு எதிரொலியும் முழக்கமும் சேர்த்து மரத்தை ஸ்பீக்கராக்குகின்றன. தந்தி அதன் போக்கில் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். எனக்குத் தந்தியே ஓயக் கூடாது.

மரக்கணு ஐயாவுக்கு நன்றி. கழுத்துக் கட்டையில் திருகும் கையை வரைந்துகொண்டிருக்கிறேன். அப்படியானால் சுருள் ஒலித்துளையின் நடுவில் வருமா, கழுத்துப் பக்க ஓரத்தில் வருமா?

சுருளர்

ஓரத்தில். 648 மில்லிமீட்டர் நீளத் தந்தியில் கால் பங்கு என்பது பிரிட்ஜிலிருந்து 162 மில்லிமீட்டர். பெரும்பாலான கிட்டார்களில் ஒலித்துளையின் நடு ஏறக்குறைய அங்கேதான் விழும். அங்கே நான்காம் ஹார்மோனிக்கின் (அடிப்படை அதிர்வெண்ணின் நான்கு மடங்கில் ஒலிக்கும் கூறின்) கணு, அதாவது அசையாத புள்ளி, இருக்கிறது. கணுவில் நின்று தள்ளினால் அந்த ஹார்மோனிக் அசையாது; சுரத்தில் ஒரு பல் விழுந்ததுபோல இருக்கும். கழுத்துப் பக்கம் தள்ளி 195 மில்லிமீட்டர் அளவில் வைத்தால் தந்தியின் பத்தில் மூன்று பங்கு. வெற்றுத் தந்தியின் கீழ் ஹார்மோனிக் எதற்கும் அங்கே கணு இல்லை, அடிப்படை அதிர்வெண்ணுக்கும் தள்ளுதல் கூடுதலாகக் கிடைக்கும். ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) விரல் வைத்ததும் கணக்கு மாறும் என்பது உண்மைதான். 12ஆம் ஃபிரெட்டில் அதே இடம் ஐந்தாம் ஹார்மோனிக்கின் கணுவாகிவிடும். எல்லா ஃபிரெட்டுக்கும் நல்ல இடம் என்று ஒன்று கிடையாது.

கீச்சொலிக்கு வருகிறேன். சுருள் வெளிவிடும் புலத்தைக் காந்த பிக்அப் தந்தியின் உதவியில்லாமல் நேராகவே உணர்ந்துவிடும்; பெருக்கத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் இரண்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டு கத்தத் தொடங்கும். எலெக்ட்ரிக்கில் ஒன்றைக் கழுத்தோரத்திலும் மற்றதைப் பிரிட்ஜோரத்திலும் வைத்துச் சமாளிக்கிறார்கள். உங்களுக்கு அந்தத் தொல்லையே வேண்டாம். பியெசோ இருக்கிறதே! அது காந்தப்புலத்தைச் சட்டை செய்யாது. பியெசோவிலிருந்து எடுத்து, எல்எம்386 என்ற சிறு பெருக்கி ஐசி வழியாகச் சுருளுக்குக் கொடுங்கள்.

கட்டக்கோணம்

சுருளர் சொன்னதில் கடைசி வரியை அப்படியே செய்தால் தந்தி ஓடாது. கீச்சொலி இருக்காது, நீட்சியும் இருக்காது. காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும்.

தந்திக்கு ஆற்றல் சேர வேண்டுமானால் நாம் கொடுக்கும் விசை அதன் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஊஞ்சல் முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது தள்ளினால்தான் பயன். உச்சியில் நிற்கும்போது தள்ளுவதும் இழுப்பதும் வீண். இடப்பெயர்ச்சியோடு ஒத்துப்போகும் விசை தந்தியின் விறைப்பைச் சிறிது மாற்றும், சுருதி இம்மியளவு நகரும், அவ்வளவே.

காந்த பிக்அப் தருவது காந்தப்பாயம் மாறும் வீதத்தை. ஆகவே அதன் மின்னழுத்தம் தந்தியின் வேகத்தையே காட்டுகிறது. எலெக்ட்ரிக்கில் பிக்அப், பெருக்கி, சுருள் என்று நேராக இணைத்தாலே வேலை செய்வது இதனால்தான். பியெசோ அப்படியல்ல. சேடிலைத் தந்தி எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது உணர்கிறது. அந்த அழுத்தம் தந்தியின் சாய்வைப் பொறுத்தது. சாய்வு இடப்பெயர்ச்சியோடு நடக்கிறது. வேகத்துக்கு 90 பாகை பின்னால். (ஒரு முழு அதிர்வை 360 பாகை என்று வைத்து, ஒன்று மற்றதைவிட எவ்வளவு முன்னால் அல்லது பின்னால் என்று சொல்வதே கட்டக்கோணம்.) அதற்கு மேல் சுருளும் தன் பங்குக்குப் பின்தங்கும். 8 ஓம் மின்தடையும் 1.5 மில்லிஹென்றி தூண்டலும் உள்ள சுருளில் சுமார் 850 ஹெர்ட்ஸில் மின்னோட்டம் 45 பாகை பின்தங்கியிருக்கும். மேல் மி (E) தந்தியின் 330 ஹெர்ட்ஸில் 21 பாகை. சுருளின் பங்கை மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். பியெசோவின் 90 பாகையோடு சேர்ந்தால் விசை வேகத்துக்கு எதிராகத் திரும்பி, நீங்கள் கட்டியது தந்தியை நிறுத்தும் கருவியாகிவிடும்.

தீர்வு எளிது. பியெசோவுக்குக் குறைந்தது ஒரு மெகாஓம் உள்ளீடு வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஓட்டும் பாதைக்கு அதை மறந்துவிடுங்கள். பியெசோ மின்னியல்படி ஒரு சிறு மின்தேக்கி. 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 47 கிலோஓம் சுமை கொடுத்தால் சுமார் 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு வெகு கீழே உள்ள எல்லாவற்றையும் அது வகையிட்டுத் தரும், அதாவது அவை மாறும் வீதத்தைத் தரும். இடப்பெயர்ச்சியை வகையிட்டால் வேகம். 330 ஹெர்ட்ஸில் 84 பாகை முன்தள்ளல் கிடைக்கும், அது போதும்.

இதற்கு விலை உண்டு. கீழ் மி தந்தியின் 82 ஹெர்ட்ஸில் சமிக்ஞை நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதற்கு முன்பெருக்கி வேண்டும்.

ஆறுதந்தி

47 கிலோஓம் சுமையை ஏற்றினால் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஒலியும் தகரமாகிவிடாதா? பியெசோ ஒன்றுதானே இருக்கிறது?

கட்டக்கோணம்

ஆகிவிடும். அதனால் பியெசோவை முதலில் பத்து மெகாஓம் உள்ளீடுள்ள ஒரு தாங்கிக்கு (பின்வரும் சுமை பியெசோவைப் பாதிக்காமல் காக்கும் சுற்றுக்கு) கொடுங்கள். இரண்டு பெருக்கிகள் அடங்கிய டிஎல்072 ஐசியின் ஒரு பாதி போதும். அதன் வெளியீட்டை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று அப்படியே வெளி ஜாக்குக்கு. மற்றொன்று 1 நானோஃபாரட் மின்தேக்கி, 47 கிலோஓம் மின்தடை வழியாக வகையிடப்பட்டு, டிஎல்072இன் மறுபாதியில் பெருக்கப்பட்டு எல்எம்386க்கு.

சுருளர்

இதை வேறு விதமாகவும் செய்யலாம். தூண்டல் மிகுந்த சுருளைப் போட்டால் அது தானே 90 பாகை பின்தள்ளும். அதன் முனைகளை மாற்றி இணைத்தால் பின்தங்கல் முன்தள்ளலாகிவிடும். வகையிடும் சுற்றே வேண்டாம்.

கட்டக்கோணம்

கணக்கு சரி. ஆனால் அத்தகைய சுருளில் அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் குறையும். கீழ் மி உறுமும்போது மேல் மி உறங்கும். மெல்லிய தந்திகள்தான் எளிதாக ஓடக்கூடியவை; அவற்றைப் பட்டினி போடுவானேன்?

எண்முறை

2026லும் டிஎல்072, எல்எம்386 என்று பேசிக்கொண்டிருக்கிறோம். தந்திக்கு ஒரு சுருள், ஒரு உணரி, நடுவில் ஒரு செயலி என்று வையுங்கள். கட்டத்தை மென்பொருளில் விருப்பப்படி திருப்பலாம், எந்த ஹார்மோனிக்கை எழுப்புவது என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். பால் வோ வடிவமைத்து 2008இல் வந்த மூக் கிட்டார் எலெக்ட்ரிக்கில் தந்திகளை ஓட்டிக் காட்டியது. பிறகு அவரே அகூஸ்டிக் கிட்டாரில் பொருத்தும் வோ-96ஐக் கொண்டுவந்தார். பியானோ தந்திகளுக்கு ஆண்ட்ரூ மெக்ஃபெர்சன் உருவாக்கிய காந்த ஒத்ததிர்வுப் பியானோவும் இருக்கிறது.

கட்டக்கோணம்

அவற்றின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் தாமதத்தைப் பாருங்கள். ஒரு மில்லிவினாடித் தாமதம் என்பது 82 ஹெர்ட்ஸில் 30 பாகை. 330 ஹெர்ட்ஸில் 119 பாகை. அதாவது அதே தாமதம் கீழ்த்தந்தியை ஓட்டும், மேல்தந்தியை நிறுத்தும். சாதாரண கணினி ஒலி அட்டையில் இதைப்போலப் பல மடங்கு தாமதம். பேலா போன்ற, ஒரு மில்லிவினாடிக்கும் குறைந்த தாமதமுள்ள பலகை வேண்டும். அல்லது தந்தியின் சுருதியைக் கண்டுபிடித்து, எஞ்சிய தாமதத்தை முழுச் சுழற்சியாக நிரப்ப வேண்டும். இரண்டும் முடியும். முதல் கருவிக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

எண்முறை

ஒரே பியெசோ, ஒரே சுருள் என்றால் கார்டு (chord, பல சுரங்களைச் சேர்த்து) வாசிக்கும்போது எந்தத் தந்திக்குப் பெருக்கம் அதிகமோ அதுதான் எல்லாவற்றையும் விழுங்கும். அதை எந்த மின்தடையாலும் சரிசெய்ய முடியாது. என் கட்சியும் மாறவில்லை.

பழங்கதை

இடையில் ஒரு செய்தி. மின்காந்தத்தால் தந்தியை ஓட்டும் எண்ணம் ஈபோவோடு பிறந்ததில்லை. கிரெக் ஹீட் ஈபோவைக் கண்டுபிடித்தது 1969இல், விற்பனைக்கு வந்தது 1976இல். ஆனால் கோரல்செலோ என்ற பிரம்மாண்டமான கருவி 1909லேயே பாஸ்டனில் அரங்கேறிவிட்டது. சுழலும் சக்கரங்களால் மின்னோட்டத்தைத் தந்தியின் அதிர்வெண்ணுக்கு வெட்டி வெட்டி அனுப்பிப் பியானோத் தந்திகளை முழங்க வைத்தார்கள். உணரியும் இல்லை, பெருக்கியும் இல்லை. அந்தக் காலத்தில் பெருக்கிக்கு எங்கே போவது!

வெற்றுக்கம்பி

சுருளே வேண்டாம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? தந்தியிலேயே மின்னோட்டத்தை ஓடவிட்டு, பக்கத்தில் நியோடிமியம் காந்தத்தை வைத்தால் தந்தியின் மீது நேரடி விசை பிறக்கும். வெண்கலமா எஃகா என்ற கேள்வியே எழாது. மின்சாரம் ஓடினால் போதும். தூண்டலும் மிகக் குறைவு என்பதால் கட்டப் பின்தங்கலும் இல்லை.

சுருளர்

கார்டு பிடித்தால் ஃபிரெட் எல்லாத் தந்திகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுமே?

வெற்றுக்கம்பி

நட் (கழுத்து நுனியில் தந்திகள் அமரும் பட்டை) பக்கத்தைப் பொதுமுனையாக வைத்தால் பெரிய பாதிப்பில்லை. ஃபிரெட் அந்தப் பொதுமுனையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். அதிரும் பகுதியில் ஒவ்வொரு தந்திக்கும் அதனதன் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். உண்மையான தொல்லைகள் வேறு. மெல்லிய தந்தியின் மொத்த மின்தடை ஒன்றிரண்டு ஓம்தான், ஆகவே குறைந்த அழுத்தமும் அதிக மின்னோட்டமும் வேண்டும். மின்னோட்டம் கூடினால் தந்தி சூடாகி நீளும், சுருதி இறங்கும். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திமுனையையும் தனித்தனியாக இணைக்கவும் வேண்டும். அகூஸ்டிக்கில் பிரிட்ஜ் மரமாக இருப்பது இதற்கு ஒரு வரம்.

ஆறுதந்தி

வெற்றுக்கம்பி சொன்னதை அடுத்த கிட்டாருக்கு வைத்துக்கொள்கிறேன். இப்போது சுருள் முடிந்துவிட்டது, நிலவரம் சொல்கிறேன்.

3 மில்லிமீட்டர் தடிமனும் 60 மில்லிமீட்டர் நீளமும் உள்ள மென்எஃகுப் பட்டை. அதன் மேல் 0.2 மில்லிமீட்டர் எனாமல் கம்பி, 8 ஓம் வரும் வரை. ஏறக்குறைய 15 மீட்டர் இழுத்தது. சுற்றை முடித்ததும் எபாக்ஸியில் முழுக்கிவிட்டேன். இல்லாவிட்டால் கம்பிகளே அதிர்ந்து ரீங்காரமிடும். அடியில் ஃபெரைட் பட்டைக்காந்தம். முழுவதும் கழுத்துக் கட்டையிலிருந்து வரும் அலுமினியக் கையில் நிற்கிறது. சுற்று கட்டக்கோணம் சொன்னபடியே.

முதலில் ஸோல் (G) தந்தி எழுந்தது. மீட்டவில்லை. மின்சாரம் கொடுத்ததும் ஒரு விநாடி ஒன்றுமில்லை, பிறகு அடங்கிய முனகல், அது வளர்ந்து பெட்டி முழுவதும் நிறைந்தது. பலகையில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு மணிக்கட்டு வரை ஏறுகிறது. தந்தியை மெல்லத் தொட்டால் அடங்கி, விட்டதும் தானே திரும்பி வருகிறது.

குறைகள்:

கீழ் மி எழுவதற்கு நெடுநேரம் பிடிக்கிறது, சில சமயம் எழுவதே இல்லை. மீட்டிவிட்டால் மட்டும் தொடர்கிறது. சுருளை நெருக்கினால் பலமாக மீட்டும்போது தந்தி பட்டையில் மோதி டக்கென்று ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறது.

ஸோல் தந்தியின் முதல் ஃபிரெட் மட்டும் முரண்டு பிடிக்கிறது. முழக்கம் மற்றதைவிடப் பெரியது, ஆனால் நிலையாக நிற்பதில்லை, அலைபாய்கிறது.

எண்முறை சொன்ன விழுங்கலும் நடக்கிறது. கார்டு பிடித்து விட்டால் கொஞ்ச நேரத்தில் ஒரே தந்திதான் மிஞ்சுகிறது.

மரக்கணு

ஸோல் தந்தியின் முதல் ஃபிரெட் 208 ஹெர்ட்ஸ். உங்கள் மேற்பலகையின் முதன்மை ஒத்ததிர்வு அங்கேதான் இருக்கிறது என்று தெரிகிறது; இந்த வகைக் கிட்டார்களில் 200 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சுரத்தில் பலகை தந்தியின் ஆற்றலை வாரிக் குடிக்கிறது, அதனால் முழக்கம் பெரிது. நிலையாமைக்கும் அதுதான் காரணம். தந்திகளை அதிராமல் பிடித்துக்கொண்டு பிரிட்ஜை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், அதே சுரம் கேட்கும். பலகையின் உட்புறம் பிரிட்ஜுக்குக் கீழே சில கிராம் எடையைத் தற்காலிக ஒட்டுப்பசையால் ஒட்டினால் ஒத்ததிர்வு இறங்கும். இரண்டு சுரங்களுக்கு நடுவில் அதை உட்கார வையுங்கள். முற்றிலும் நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. அது போனால் கிட்டாரின் குரலும் போய்விடும்.

சுருளர்

கீழ் மிக்கு: வெண்கலத்துக்குள் மெல்லிய எஃகு, போதாக்குறைக்கு வகையிடலில் அதற்குக் கிடைப்பது மேல் மிக்குக் கிடைப்பதில் கால் பங்கு. இரண்டு அடி. கீழ் இரண்டு தந்திகளை மட்டும் நிக்கல் சுற்றியதாக மாற்றுங்கள். பட்டையை நெருக்க வேண்டாம். அந்த முனையை 4 மில்லிமீட்டருக்கு இறக்கி, மேல்தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டராக உயர்த்தி, சாய்வாக வையுங்கள். கீழ்த்தந்தியின் ஆட்டம் பெரியது, அதற்கு இடம் வேண்டும். பட்டையில் அந்தப் பகுதிக்கு அடியில் மட்டும் இன்னொரு காந்தத்தைச் சேர்த்தால் இழந்தது ஓரளவு திரும்பும். அளவுக்கு மீறினால் நிலையான இழுப்பே சுருதியைக் கலைக்கும், கவனம்.

எண்முறை

விழுங்கலைப் பற்றி நான் முன்பே சொன்னேன் என்று சொல்லிக்காட்ட மாட்டேன். (சொல்லிவிட்டேன்.) எந்தத் தந்தியில் பெருக்கம் இழப்பைவிட அதிகமோ அது வளரும், வளர்ந்ததும் எல்எம்386 அலையின் உச்சிகளை வெட்டத் தொடங்கும், வெட்டினால் மற்றவற்றுக்கான பெருக்கம் சரிந்துவிடும். வெட்டும் முன்பே அடக்கும் தானியங்கிக் கட்டுப்பாடு வைத்தால் ஒலி மென்மையாகும், ஆனால் போட்டி தீராது. தந்திக்கு ஒரு பியெசோ உள்ள தனிச்சேடிலும், விட்டம் 10 மில்லிமீட்டருக்குள் அடங்கும் ஆறு சிறு சுருள்களும்தான் வழி. தந்திக்குத் தந்தி இடைவெளி 10 மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் அடுத்தடுத்த காந்தங்களின் முனைகளை மாற்றி மாற்றி வையுங்கள், அண்டைத் தந்திக்குக் கசிவது குறையும்.

ஆறுதந்தி

ஆறு தடம் பிறகு. ஒரே தந்தி மிஞ்சுவதை இப்போதைக்கு இசையாகவே பயன்படுத்துகிறேன்: கார்டை விட்டதும் எந்தச் சுரம் வெல்லும் என்பது விரல் அழுத்தத்தில் இருக்கிறது, அதைப் பழக முடிகிறது.

இன்னொன்று. சுருளின் இரண்டு முனைகளையும் மாற்றி இணைத்துப் பார்த்தேன். கீழ்த்தந்திகளில் மீட்டிய சுரம் டொக்கென்று அறுபடுகிறது, பாஞ்சோவைப்போல. ஆனால் மேல் மியில் சில இடங்களில் அறுபடாமல் ஓர் எண்மம் (ஆக்டேவ்) மேலே தாவிச் சன்னமாக விசில் அடிக்கிறது. இரண்டும் எனக்குப் பிடித்திருக்கின்றன. விசைமாற்றி வைத்து மூன்றையும் எடுக்கலாமா?

கட்டக்கோணம்

எடுக்கலாம். விசை வேகத்துக்கு நேர் எதிரானால் தந்தி சீக்கிரம் நிற்கும். மூக் கிட்டாரிலும் இந்த அடக்கும் நிலை உண்டு. விசில் வருவது மேல் ஹார்மோனிக்குகளில். அங்கே சுருளின் பின்தங்கலோடு பெருக்கியின் பின்தங்கலும் மற்றவையும் சேர்ந்து 90 பாகையைத் தாண்டிவிடுகின்றன. அதனால் அடிப்படை அதிர்வெண்ணுக்கு எதிரான அதே இணைப்பு ஹார்மோனிக்குக்குச் சாதகமாகிறது.

நடுவில் நிறுத்தம் உள்ள இருமுனை இருவழி விசைமாற்றி ஒன்றைச் சுருளுக்கும் எல்எம்386க்கும் இடையில் போடுங்கள்: மேலே நீட்சி, நடுவில் அணைப்பு, கீழே அடக்கமும் விசிலும். மாற்றும்போது வரும் சொடக்கொலியைக் குறைக்க, எல்எம்386இன் வெளியீட்டு மின்தேக்கிக்குப் பிறகு தரைக்கு ஒரு கிலோஓம் மின்தடை வையுங்கள். ஐசியின் வெளியீட்டுக் காலில் 10 ஓமும் 0.05 மைக்ரோஃபாரடும் தொடராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சுருள் போன்ற சுமையில் அது இல்லாவிட்டால் காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஐசி தானாக அலைந்து மின்கலத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். ஒன்பது வோல்ட் மின்கலம் இதற்குத் தாங்காது. ரீசார்ஜ் செய்யும் லித்தியம் கலங்கள் இரண்டைத் தொடராக இணைத்து, பாதுகாப்புப் பலகையோடு கழுத்துக் கட்டையின் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள்.

மரக்கணு

கட்டுவதற்கு முன் கழுத்துக் கட்டையின் உட்புறத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியை) திருப்பும் துளை அங்கே இருந்தால் அதை மறைத்துவிடக் கூடாது.